பேவர் கல் இடுக்கில் களையும் பாசியும்

பேவர் கற்கள் எனப்படும் சிமெண்டுக் கற்கள் பதித்த முற்றத்தில் தலைகாட்டும் செடிகளில் பெரும்பாலானவை மண்ணுக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வருபவை அல்ல. காற்றும் பறவையும் செருப்பும் கொண்டுவந்து போட்ட விதைகள், கற்களின் இடுக்கில் மேலாகப் படிந்திருக்கும் அழுக்கில் வேர்பிடித்து வளர்ந்தவை. பாசியும் அப்படித்தான், ஈரம் காயாத இடத்தில்தான் அது பிடிக்கிறது. ஆகவே எந்தக் களைக்கொல்லி நல்லது, பாசிக்கு எந்த அமிலம் ஊற்றலாம் என்று தேடுவதைவிட, இடுக்கில் அழுக்குச் சேராமலும் தண்ணீர் தங்காமலும் பார்த்துக்கொள்வதே முக்கால்வாசி வேலை என்பது, சென்னை மடிப்பாக்கத்தில் முற்றமும் வேப்பமரமும் உள்ள ஒரு வீட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவள் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

இதை நேரில் பார்க்க விரும்புபவர்கள், செடி அடர்ந்து முளைத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்துப் பார்க்கலாம். தடித்த ஸ்க்ரூடிரைவர் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களில் கொடுத்து மெல்ல நெம்பினால் கல் மேலே வந்துவிடும். எங்கள் வெளிக்கதவின் அருகே அப்படி எடுத்த கல்லின் பக்கவாட்டில், மேலே ஒரு விரற்கடை அளவுக்குக் கறுத்த மண் அப்பியிருந்தது; மயிரிழை வேர்கள் அதில் பின்னிப் பிணைந்து, விரலால் இழுத்தால் ஒரே பட்டையாக உரிந்து வந்தன. அதற்குக் கீழே, கல் பதித்த காலத்தில் போட்ட மணல் நிறம் மாறாமல், உதிரியாக, வேரின் சுவடே இல்லாமல் இருந்தது. 60 மி.மீ. கனமுள்ள அந்தக் கல்லில், செடிக்கு வேண்டிய உணவும் ஈரமும் பிடிப்பும் அந்த மேல் விரற்கடையிலேயே கிடைத்துவிடுகின்றன.

அந்தக் கறுத்த மண் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. தெருப் புழுதி, பங்குனியிலும் சித்திரையிலும் கொட்டும் வேப்பம்பூ, காற்றுக்கு உதிரும் முருங்கை இலை, பூந்தொட்டிகளிலிருந்து வழியும் செம்மண் ஆகிய எல்லாம் சேர்ந்து மக்கி அப்படி ஆகின்றன. நம் வீடுகளில் காலையில் வாசல் தெளிக்கும் வழக்கம் இருப்பதால், இதில் ஒரு சிறு ஒழுங்கு தேவைப்படுகிறது. பெருக்காமல் தண்ணீர் தெளித்தால் புழுதி குழைந்து இடுக்குக்குள் இறங்கிவிடும். அதன்மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்தால் இன்னும் ஆழமாக இறங்கும். முதலில் தென்னந்துடைப்பத்தால், கற்களின் வரிசைக்குக் குறுக்காக, உலர்ந்த நிலையிலேயே பெருக்கிக் குப்பையை முறத்தில் அள்ளிவிட வேண்டும். தெளிப்பது அதற்குப் பிறகுதான். வரிசை போகும் திசையிலேயே பெருக்கினால் துடைப்பத்தின் ஈர்க்கு இடுக்கிலிருக்கும் மணலையும் சேர்த்துக் கிளறி எடுத்துவிடும். எறும்புகளும் இடுக்கு மணலைக் கிளறி மேலே குவிக்கின்றன. அரிசி மாவில் கோலம் போடுவதை நான் விடப்போவதில்லை. எறும்புக்கும் ஒரு பிடி என்ற அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எறும்பு குவித்த மணலைக் குப்பையோடு வாரிக் கொட்டாமல், மீண்டும் இடுக்கிலேயே தள்ளிவிடுகிறேன்.

சென்னையில் இந்த இடுக்குகளில் அடிக்கடி காணப்படும் செடிகளைப் பெயர் சொல்லி அறிந்துவைத்திருப்பது பயனுள்ளது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வழியில் வருகிறது. அம்மான் பச்சரிசியும் பருப்புக்கீரையும் மூக்கிரட்டையும் தரையோடு தரையாகப் படர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே விதையைச் சிந்திவிடுபவை. வெட்டுக்காயப் பூண்டின் விதைக்குப் பஞ்சு போன்ற இறகு உண்டு. பக்கத்துக் காலி மனையிலிருந்து அது பறந்துவரும். பார்த்தீனியமும் காலி மனைச் சரக்குதான். சிலருக்கு அது தொட்டாலே தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டே பிடுங்க வேண்டும். குப்பைமேனியும் கீழாநெல்லியும் மழைக்குப் பின் வந்துவிடும். ஆனி, ஆடியில் வேப்பம்பழத்தைத் தின்ற பறவைகள் போட்ட கொட்டைகள் அடுத்த மழையில் வரிசையாக முளைக்கும். மதிலை ஒட்டிய இடுக்கில் அரசோ ஆலோ முளைத்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. அதன் வேர் கல்லோடு நிற்காமல் மதிலையும் பிளந்துவிடும். மற்றவற்றுக்கெல்லாம் விதி ஒன்றே: பூ விடும் முன் பிடுங்கிவிட வேண்டும். மழை விட்ட மறுநாள், இடுக்கு இளகியிருக்கும்போது, இரண்டு இலைப் பருவத்தில் இருக்கும் செடி விரல் நுனிக்கே வந்துவிடுகிறது. இரண்டு வாரம் விட்டுவிட்டால் தண்டு கையோடு அறுந்து, வேர் உள்ளேயே நின்றுவிடுகிறது.

பிடுங்கிய பிறகு வெற்றாக விடப்பட்ட இடுக்கு அடுத்த விதைக்குத் தயாரான இடம் ஆகிவிடும் என்பதால், அதை உடனே மணலால் நிரப்புவதுதான் இதில் முக்கியமான வேலை. பலரும் தவிர்ப்பதும் இதைத்தான். கரணையின் முனையாலோ பழைய கத்தியாலோ அந்தக் கறுத்த மண்ணைச் சுரண்டி எடுத்து, ஓரிரு நாள் வெயிலில் இடுக்கு நன்றாகக் காய்ந்த பின், காய்ந்த மணலைக் கொட்டி எல்லாத் திசைகளிலும் பெருக்கி உள்ளே இறக்க வேண்டும். ரப்பர் சுத்தியலால் கற்களை இலேசாகத் தட்டினால் மணல் இன்னும் இறங்கும். இறங்கிய அளவுக்கு மீண்டும் போட வேண்டும். ஈர மணல் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொண்டு, உள்ளே வெற்றிடத்தை விட்டுவிடும். நல்ல ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைக் கழுவியதாக வாங்கி, இரண்டு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம். விலை குறைவு என்பதற்காக, கல் உடைக்கும் இடத்தில் மிஞ்சும் தூளான கிரஷர் டஸ்ட்டைப் போடுவதை நான் ஏற்பதில்லை. அதிலுள்ள மாவு போன்ற துகள் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், களைக்கும் பாசிக்கும் அதுவே ஏற்ற இடமாகிவிடுகிறது. கற்களுக்கிடையே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே சரி. அதைவிட அகன்றிருந்தால், ஓரத்தில் கற்களை இறுக்கிப் பிடிக்கும் கெர்ப் கல் தளர்ந்து, வரிசை விலகிவிட்டது என்று பொருள். ஓரத்தைச் சரிசெய்யாமல் மணல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது நிற்காது.

நீரூற்றினால் இறுகிக்கொள்ளும் பாலிமர் கலந்த மணலும் விற்கிறார்கள். வெயில் நிச்சயமாக இருக்கும் மாசி, பங்குனியில் போட்டால் அது பயன்படும். மழை எட்டிப் பார்க்கும் மாதங்களில் போட்டால் கல்லின் மேல் வெள்ளைப் படலமாகப் படிந்து வீணாகும்.

இனி சிமெண்டுப் பாலுக்கு, அதாவது சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து இடுக்கில் ஊற்றும் குழம்புக்கு, வருகிறேன். எங்கள் பகுதியில் புல் என்று சொன்னவுடன் மேஸ்திரிகள் சொல்லும் தீர்வு இதுதான். "சிமெண்டுப் பால் ஊத்திட்டா ஒரு புல்லு வராதும்மா, நிம்மதியா இருக்கலாம்" என்று எங்கள் மேஸ்திரியும் அன்போடுதான் சொன்னார். "வேண்டாம் மேஸ்திரி, தண்ணி உள்ள போகணும். மணலே போட்டுக் குடுங்க" என்று நான் கேட்டுக்கொண்டேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மணற்படுக்கையில் உட்கார்ந்திருக்கும் கற்கள், கார் ஏறும்போதும் வெயிலில் விரியும்போதும் மிகச் சிறிய அளவில் அசைந்துகொண்டே இருக்கும். இடுக்கில் ஊற்றிய சிமெண்டு அந்த அசைவைத் தாங்காமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் புழுதி இறங்கி, செடி மறுபடியும் முளைக்கும். அப்போது அதைச் சுரண்டி எடுக்கவும் முடியாது, கல்லைப் பெயர்த்து மாற்றவும் முடியாது.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் பெரிதாகக் கருதுகிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஒரு சதுர மீட்டருக்கு 1,400 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 சதுர மீட்டர் முற்றத்தில் ஆண்டுக்கு 70,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அவ்வளவும் மண்ணுக்குள் போய்விடாது என்றாலும், இடுக்கு திறந்திருக்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு இறங்குகிறது; சிமெண்டு பூசிவிட்டால் முழுவதும் தெருவுக்கு ஓடி, அங்கே தேங்கியிருக்கும் தண்ணீரோடு சேர்கிறது. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் வெள்ளத்தையும், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்ததையும் பார்த்த ஊர் இது. நாலு புல்லுக்குப் பயந்து தரையின் வாயை அடைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டால் களை வராது என்பதும் பரவலாக இருக்கும் நம்பிக்கை. விதை மேலே முளைக்கும்போது அடியில் இருக்கும் விரிப்பு என்ன செய்யும்? அது தண்ணீரைத் தடுத்து, மணற்படுக்கையைச் சேறாக்கிப் பாசிக்கே உதவி செய்யும். நீரை விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி வேறு வகை. ஜல்லியும் களிமண்ணும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அது காக்கிறது. எங்கள் பகுதியைப் போன்ற களிமண் நிலத்தில் அதற்குப் பயன் உண்டு, ஆனால் களையைத் தடுப்பதற்காக அதைப் போடுவதில்லை. கடப்பா கல்லைச் சிமெண்டுக் கலவையின் மேல் பதித்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தா. அங்கே அடிப்பகுதி அசையாது என்பதால், வெடித்த பூச்சைச் செதுக்கிவிட்டு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையில் மறுபடி பூசுவதே சரி.

பாசியைப் பற்றிப் பேசும்போது, முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். முற்றத்தில் பாசி எங்கும் ஒரே மாதிரி படர்வதில்லை. ஏசியின் சொட்டுக் குழாய்க்குக் கீழே, மாடித்தொட்டி நிரம்பி வழியும் குழாயின் அருகே, பூந்தொட்டிகளைச் சுற்றி, மதில் நிழலில் வெயில் படாத மூலையில் என்று திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். ஏசி தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றலாம். மாடித்தொட்டிக்கு மிதவை வால்வு பொருத்தலாம். தொட்டிகளைக் கால் உள்ள தாங்கிகளின் மேல் வைத்து அடியில் காற்று போகச் செய்யலாம். இவற்றைச் செய்தாலே பாதிக்கு மேல் திட்டுகள் தாமாகவே காய்ந்து உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுபவை பெரும்பாலும் பள்ளமான இடங்கள். முற்றம் ஒரு மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது சரிந்து இறங்க வேண்டும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், தண்ணீர் நிற்கும் இடம் ரசமட்டம் இல்லாமலே தெரிந்துவிடும். அங்கே உள்ள கற்களை மட்டும் எடுத்து, அடியில் மணல் சேர்த்து, உயர்த்திப் பதித்தால் போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கான பகுதிகளில் தண்ணீர் விரைவில் இறங்கிவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் அடிமண் களி என்பதால், கல்லுக்குக் கீழே போடும் ஜல்லிப் படுக்கையைக் கனமாக அமைத்தால்தான் ஈரம் மேலே ஏறாமல் இருக்கும்.

ஏற்கெனவே பிடித்துவிட்ட பாசிக்கு, கொரகொரப்பான மணலைத் தூவித் தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையால் தேய்க்கும் பழைய முறையே முதலில் போதுமானது. மழைக்குப் பின் கல்லின் மேல் வழவழப்பாகத் திரண்டு நிற்கும் கரும்பச்சைத் திட்டு, வெயிலில் கறுத்த பொருக்காகக் காய்ந்துவிடும். அது செத்துவிட்டது என்று எண்ணி அப்படியே விடக் கூடாது. நாஸ்டாக் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், நீர் பட்டால் மீண்டும் உயிர்பெறக் கூடியவை. ஆகவே பொருக்காக இருக்கும்போதே சுரண்டி, வாரி, முற்றத்துக்கு வெளியே போட்டுவிட வேண்டும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இந்த ஒரு வேலையை மழைக்காலம் முழுவதும் தவறாமல் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பாசியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், அந்த வயதில் எழுந்து நடமாடுவது எளிதல்ல.

தேய்த்தும் போகாத கறைக்குப் பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் கலந்து, அடியில் வெள்ளை வண்டல் தங்கும்வரை வைத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் பாசியின் மேல் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தேய்க்க வேண்டும். திறந்து பல மாதங்கள் ஆன பவுடரில் குளோரின் போயிருக்கும். அதை நம்பிப் பயனில்லை. அந்தப் பக்கத்து மழைநீர்த் தொட்டியின் வாயைச் சாக்கால் மூடிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கழுவிய நீரைத் துடைத்தெடுத்துக் கழிவுநீர்ப் போக்கில் ஊற்றிவிட வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தை இதனோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ஒன்றை ஊற்றிய இடத்தில் கழுவாமல் மற்றொன்றை ஊற்றவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெளிப்படும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். அமிலத்தைத் தனியாக ஊற்றினாலும் கேடுதான். பேவர் கல்லின் சிமெண்டையும், சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்த கடப்பா கல்லையும் அது அரித்துச் சொரசொரப்பாக்கும். அந்தச் சொரசொரப்பில் பாசி முன்னைவிட நன்றாகப் பிடிக்கும். வினிகரும் அமிலமே. அது இலையைக் கருக்குமே தவிர வேரைத் தொடாது.

கல்லுப்பைக் கொட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கரைந்த உப்பு செடியோடு நிற்காது; மண்ணில் இறங்கி, பக்கத்து மரத்தின் வேருக்கும் கிணற்று நீருக்கும் போய்ச் சேரும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும். பாசிக்கு மயில்துத்தம் தூவுவதும் வேண்டாம். அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். களைக்கொல்லிகளில் பெரிதும் பேசப்படும் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக அன்றி வேறெவரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. அந்த மருந்து, தெளிக்கும்போது இலை விட்டு நிற்கும் செடியைத்தான் கொல்கிறது. இடுக்கில் காத்திருக்கும் விதையை ஒன்றும் செய்வதில்லை. முற்றத்து நீர் நாம் குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் நீர் இறைக்கும் கிணற்றின் பக்கமே இறங்குகிறது என்பதை நினைத்தால், இவற்றில் எதையும் ஊற்ற மனம் வராது. சோறு வடித்த கஞ்சியை அல்லாமல், கொதிக்கும் வெறும் நீரைக் கவனமாக ஊற்றினால் இளஞ்செடிகள் வாடிவிடும். கஞ்சி ஊற்றினால் அதுவே பாசிக்கும் எறும்புக்கும் உணவாகும்.

வாடகைக்குக் கிடைக்கும் பிரஷர் வாஷர் பார்ப்பதற்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பீச்சு இடுக்கு மணலை வாரி எடுத்துவிடும். கல்லின் மேல் தோலையும் அரிக்கும். அதைப் பயன்படுத்தினால் முனையைச் சாய்வாகவும் தள்ளியும் பிடித்து, காய்ந்த பிறகு எல்லா இடுக்குகளுக்கும் மணல் போட வேண்டும்.

மேலே சொன்ன எதற்கும் கட்டுப்படாதவை இரண்டு: கோரையும் அருகும். இவை மட்டுமே உண்மையில் கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் வருபவை. அருகம்புல் தோட்டத்துப் பக்கமிருந்து கணுக்கணுவாக ஊர்ந்து நுழையும். பிள்ளையாருக்கு வேண்டும் என்று ஓரத்தில் வளர்ப்பவர்கள், கெர்ப் கல்லை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிவைத்து, அதைத் தாண்டி வரும் கொடியை வாரந்தோறும் வெட்டிவிட வேண்டும். கோரை இன்னும் கடினம். அதன் தாளைப் பிடித்து இழுத்தால் சுலபமாக வந்துவிடும், ஆனால் கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும். நூல் போன்ற வேர்த்தண்டில் கிழங்குகள் ஒன்றோடொன்று தொடர்ந்து கோத்திருக்கின்றன. தொடர் அறாமல் இருக்கும்வரை அவற்றில் பல உறங்கிக் கிடக்கின்றன. தொடரை அறுத்துவிட்டால் தனித்துப்போன ஒவ்வொரு கிழங்கும் முளைவிடத் தொடங்குகிறது. அதனால்தான் அவசரமாகக் கோரை பிடுங்கிய இடத்தில் அடுத்த வாரம் முன்னிலும் அடர்த்தியாக வருகிறது. பிளாஸ்டிக் விரிப்பையும் துளைக்கும் கூர்மை அதன் முளைக்கு உண்டு.

கோரை வந்த இடத்தில் கற்களை எடுத்துவிட்டு, மணற்படுக்கையை நீக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, முடி போன்ற நார் சூழ்ந்த கறுத்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைத் தவிர எனக்குத் தெரிந்து உறுதியான வழி இல்லை. பெரும்பாலான கிழங்குகள் அந்த ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. நறுக்கினால் உள்ளே வெளிறிய நிறமும் மணமும் இருக்கும். சித்த மருத்துவத்தில் கோரைக்கிழங்கு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பதும் இதன் இனமே. பொறுக்கியவற்றை உரக்குழியில் போடாமல் வெயிலில் சுக்காகக் காயவைத்தே அகற்ற வேண்டும். கல்லைத் தூக்க முடியாத நிலையில் இருப்பவர்கள், தாள் நான்கைந்து இலை விடுமுன் வாரந்தோறும் விடாமல் வெட்டிவந்தால், கிழங்கில் சேர்த்துவைத்த உணவு குறைந்து அது மெல்ல மெல்ல மெலியும். ஆனால் ஒரு மழைக்காலம் முழுவதும் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

ஆண்டில் பெரிய வேலை என்று செய்வதற்குப் புரட்டாசியின் முற்பகுதியே ஏற்றது. ஆடி, ஆவணித் தூறலில் முளைத்த செடிகள் அதற்குள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், இடுக்கு காய்வதற்கு வேண்டிய வெயிலும் அப்போது இருக்கும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் சுரண்டி, காயவிட்டு, மணல் நிரப்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இளஞ்செடிகளைப் பிடுங்கினால் போதும், மணல் போட வேண்டியதில்லை. மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும், நீரில் கரைந்து இறங்கிய இடுக்குகளைத் தேடி, கல்லின் மேல்மட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரும்வரை மறுபடி நிரப்ப வேண்டும்.